விசுவாசத்தில் வாழ்ந்த பாட்டிக்கு நினைவு மலர் தொகுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வடசென்னையின் இராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பகுதிகளில், பாட்டியின் முதலாண்டு நினைவு ஆராதனைக்கு ஒரு சிறு மலர் அச்சிட விரும்பும் குடும்பங்களுக்குத் தொகுப்பு வேலையில் உதவி வருகிறேன். புதிதாக இந்த வேலையை ஏற்பவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: எடுத்த எடுப்பிலேயே எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்போது கையில் இருப்பது துக்கமும் சில புகழ்ச்சிச் சொற்களும் மட்டுமே. எழுதி முடித்ததும் பெயரை மாற்றி வேறு எந்தப் பாட்டிக்கும் அதைப் பொருத்திவிடலாம்.

பொருள்களைப் பாதுகாப்பது, மூத்தவர்களிடம் கேட்பது, பதிவேடுகளைப் பார்ப்பது, அதன்பின் எழுதுவது என்ற வரிசையை மாற்றாமல் செய்தால், அவர் விசுவாசத்தோடு வாழ்ந்த விதம் அவருடைய சொந்தப் பழக்கங்கள் வழியாகவே வாசகருக்குத் தெரியும்.

1. தொடங்கும் முன் தீர்மானிக்க வேண்டியவை

நினைவு ஆராதனைக்குக் குறைந்தது மூன்று மாதம் இருக்கும்போது தொடங்குங்கள். பேட்டிகளுக்கு ஒரு மாதமும், பதிவேடுகளுக்கு ஒரு மாதமும், எழுத்துக்கும் அச்சுக்கும் ஒரு மாதமும் தேவைப்படும். திருச்சபை அலுவலகத்தில் பழைய பதிவேட்டை எடுத்துத் தருவது அங்குள்ளவர்களின் மற்ற வேலைகளுக்கு நடுவில்தான் நடக்கும் என்பதால், அந்த ஒரு மாதத்தைக் குறைக்க முயல வேண்டாம்.

தொகுப்பவர் ஒருவர், குடும்பத்தின் சார்பில் இறுதி முடிவு சொல்பவர் ஒருவர் என இருவரை முதலிலேயே நியமியுங்கள். பாட்டியின் எல்லாப் பிள்ளைகளிடமும், மறைந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய குடும்பத்தாரிடமும், இந்த வேலை நடக்கப்போகிறது என்று நேரில் சொல்லி இசைவு வாங்குங்கள். பின்னால் தெரிந்துகொள்பவர் மனம் நோவார். அவரிடம் இருக்கும் புகைப்படமும் கிடைக்காமல் போகும்.

அடக்க ஆராதனை நாளைக்கே என்ற நிலையில் இதைப் படிப்பவர்கள் அரைப் பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். பெயர், பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், உறுப்பினராக இருந்த சபை, குடும்பத்தார் பெயர்கள் ஆகியவை போதும். மற்றவற்றை அவசரத்தில் எழுதினால் தவறான ஆண்டு ஒன்று சபையார் முன்னிலையில் வாசிக்கப்பட்டு, அதுவே பின்னர் எல்லோர் வாயிலும் நிலைத்துவிடும்.

2. பெட்டியைக் கலைக்கும் முன் படமெடுங்கள்

அடக்கம் முடிந்த சில வாரங்களில் சேலைகள் உறவினர்களுக்குப் போகும். வேதாகமம் ஒரு மகன் வீட்டுக்கும், கண்ணாடி இன்னொரு வீட்டுக்கும் போகும். அதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன், அவர் வைத்த இடத்தில் வைத்தபடியே ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்துவிட வேண்டும். எந்தப் பொருள் எதன் அருகில் இருந்தது என்பதும் ஒரு செய்திதான்.

வேதாகமத்தில் அதிக நேரம் செலவிடுங்கள். முதல் வெற்றுப் பக்கத்தில் பிள்ளைகளின் பிறந்த தேதிகள் எழுதப்பட்டிருக்கலாம். பக்கங்களுக்கு நடுவில் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை, காய்ந்த குருத்தோலைச் சிலுவை, காணிக்கை உறை, பழைய பேருந்துச் சீட்டு என ஏதாவது இருக்கும். எதையும் உருவிவிடாமல், அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்பது தெரியும்படி இரு பக்கங்களையும் சேர்த்துப் படமெடுங்கள். சீட்டுகளையெல்லாம் வெளியே எடுத்து ஒரு உறையில் போட்டுவிட்டால், அவர் எந்த வசனத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார் என்பதற்கான ஒரே சான்று அழிந்துவிடும். ஓரத்தில் தேதி எழுதி அடிக்கோடிட்ட வசனங்களைத் தனிப் பட்டியலாக்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் வீட்டில் என்ன நடந்தது என்று பேட்டியின்போது கேட்கலாம்.

கத்தோலிக்கக் குடும்பத்தாருக்கு ஒரு எச்சரிக்கை. இலத்தீன் எண் முறையைப் பின்பற்றிய பழைய நூல்களில், பெரும்பாலான சங்கீதங்களின் எண் இன்றைய எண்ணைவிட ஒன்று குறைவாக இருக்கும். பாட்டியின் பழைய செபப்புத்தகத்தில் சங்கீதம் 22 என்று குறித்திருந்தால், ஆண்டவரை ஆயராகப் பாடும் இன்றைய 23ஆம் சங்கீதத்தையே அவர் எண்ணியிருக்கக்கூடும். எண்ணை நம்பாமல் முதல் வரியைப் பாருங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் போன்ற கடலோர வீடுகளில் ஈரக்காற்றால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். சட்டமிட்ட புகைப்படம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். இழுத்துப் பிரிக்க வேண்டாம். படச்சாயம் கண்ணாடியிலேயே தங்கி முகம் போய்விடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்தால் அச்சுக்குப் போதுமான தெளிவு கிடைக்கும்.

3. மூத்தவரிடம் முதலில் போங்கள்

யாரைச் சந்திப்பது என்ற பட்டியலை வயது வரிசையில் எழுதுங்கள். பாட்டியின் தங்கை, நாத்தனார், கூடப் பாடிய தோழி ஆகியோர் முதலில், பிள்ளைகள் அடுத்து, பேரப்பிள்ளைகள் கடைசியில். பலர் வசதி கருதித் தம் வீட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். பேரப்பிள்ளைகளை அடுத்த மாதமும் கேட்கலாம்; எண்பத்தைந்து வயதான தங்கையின் நினைவும் உடல்நிலையும் அதுவரை இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தியுங்கள். எல்லோரும் கூடியிருக்கும் இடத்தில் குரல் பெரிதாக இருப்பவர் சொல்வதே அனைவரின் நினைவாகிவிடும். மருமகள்கள் பேசவே மாட்டார்கள். பாட்டியோடு ஒரே அடுப்படியில் பல ஆண்டுகள் நின்றவர் மருமகள்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு சந்திப்பு முக்கால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், உறவு ஆகியவற்றை நீங்களே சொல்லிப் பதியுங்கள்.

கேள்வி கேட்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. “பாட்டி எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டால், “தங்கமானவங்க, ஜெபத்துல வைராக்கியமானவங்க” என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். இடம், நேரம், கை செய்த வேலை ஆகியவற்றைக் கேளுங்கள். ஜெபிக்க எங்கே உட்கார்வார், தரையிலா நாற்காலியிலா, சத்தமாகவா உதட்டளவிலா? யார் யார் பெயரைச் சொல்வார்? ஞாயிற்றுக்கிழமை சமையலை எப்போது முடிப்பார்? கோவிலில் எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசை? காணிக்கையை எங்கே முடிந்து வைத்திருப்பார்? லெந்து காலத்தில் எதை விட்டுவிடுவார்? யாரோடு பேசாமல் இருந்தார், யார் முதலில் பேசினார்? கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். மன்னிப்பைப் பற்றி அவர் நம்பியது அதில்தான் வெளிப்படும்.

குடும்பத்துக்கு வெளியே குறைந்தது மூன்று பேரைச் சந்திக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது வேறு மதத்தவராக இருக்கட்டும். வடசென்னைத் தெருக்களில் ஒரே குழாயடியையும் ஒரே மாடிப்படியையும் பல மதத்தவரும் பகிர்ந்துகொண்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் “ஆயா, கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க” என்று வந்து நின்றவர்கள் பலர் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். பாட்டியிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க மாட்டார்கள். அவரை யார் எப்படி அழைத்தார்கள் என்பதையும் குறியுங்கள்: ஆயா, பெரியம்மா, டீச்சரம்மா, ஆண்ட்டி என ஒவ்வொரு அழைப்பும் ஒவ்வொரு வட்டத்தைக் காட்டும், விடுபட்டவர்களைக் கண்டுபிடிக்க உதவும்.

4. ஆண்டைக் கேட்காமல் ஆண்டைக் கண்டுபிடிப்பது

“எந்த வருஷம்?” என்று கேட்டால் மூத்தவர்கள் பதறி ஏதோ ஒரு எண்ணைச் சொல்வார்கள். ஊரறிந்த நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேட்பதே சரி. ஜப்பானியத் தாக்குதலுக்கு அஞ்சி மக்கள் சென்னையைவிட்டு ஊர்ப்பக்கம் போனது 1942. எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி 12. அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் என்பதால் சபையார் பலருக்கு அது மறக்காது. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. பெருவெள்ளம் 2015 டிசம்பர். கத்தோலிக்கர்களுக்குத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சென்னைக்கு வந்த 1986 பிப்ரவரி நல்ல அடையாளம். “சுனாமிக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டுப் பாருங்கள், பதில் தடுமாறாமல் வரும்.

திருச்சபைப் பண்டிகைகளும் இதற்கு உதவும். ஈஸ்டர் தேதி ஆண்டுதோறும் மாறுவதால், ஆண்டும் பண்டிகையும் தெரிந்தால் நாளைக் கணக்கிட்டுவிடலாம். எடுத்துக்காட்டாக, 1951 குருத்தோலை ஞாயிறு என்று ஒருவர் சொன்னால் அது மார்ச் 18. அந்த ஆண்டின் ஈஸ்டர் மார்ச் 25.

5. திருச்சபைப் பதிவேடுகள்

பேட்டிகளுக்குப் பிறகே இங்கே வர வேண்டும். எந்தச் சபை, ஏறத்தாழ எந்த ஆண்டு, தகப்பன் பெயர் என்ன என்பது தெரியாமல் போனால் அலுவலகத்தாரால் உதவ முடியாது. போதகருக்கோ பங்குத்தந்தைக்கோ எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள்; காரணத்தையும் உங்கள் உறவையும் அதில் எழுதுங்கள். பக்கத்தைப் படமெடுக்க அனுமதி இல்லையென்றால் வற்புறுத்தாமல் பென்சிலில் படியெடுங்கள்.

தேடும் சபையின் பெயர் மாறியிருக்கலாம். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27. அதற்கு முந்தைய பதிவேடுகள் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், ஸ்காட்லாந்து மிஷன் என அந்தந்த அமைப்பின் பெயரில் இருக்கும். கத்தோலிக்கத் தரப்பில் சென்னையும் மயிலாப்பூரும் ஒரே உயர்மறைமாவட்டமானது 1952இல். பழைய ஆவணத்தில் வேறு பெயரைக் கண்டு, தவறான புத்தகம் என்று மூடிவிட வேண்டாம்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த நாளும் ஞானஸ்நான நாளும் தனித்தனிப் பத்திகளில் இருக்கும். அவசரத்தில் இரண்டாவதைப் பிறந்த நாளாக எழுதிவிடுவது புதியவர்களிடம் நான் மிக அதிகமாகக் காணும் பிழை. வீட்டில் அழைத்த பெயரும் ஞானஸ்நானப் பெயரும் வேறாக இருக்கும் என்பதால் பெற்றோர் பெயரை வைத்தே தேடுங்கள். தகப்பனின் தொழில், குடியிருந்த தெரு, ஞானப்பெற்றோர் ஆகிய பத்திகளையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஞானத்தாயின் பெயரிலிருந்து ஒரு கிளைக் குடும்பமே கிடைக்கக்கூடும். கத்தோலிக்கத் திருமுழுக்குப் பதிவேட்டில் உறுதிபூசுதலும் திருமணமும் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படும் என்பதால், திருமணம் எந்தப் பங்கில் நடந்தது என்பதை அங்கேயே அறியலாம். பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தை ஞானஸ்நானம் இல்லை. முழுக்கு ஞானஸ்நானத்தின் தேதியையும் இடத்தையும் சான்றிதழிலோ சாட்சிகளிடமோதான் பெற வேண்டும்.

6. தேதிகள் ஒத்துப்போகாதபோது

ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்று, பதிவேடு என நான்கிலும் நான்கு வயது இருப்பது வழக்கம். நிகழ்ச்சி நடந்த காலத்துக்கு மிக அருகில் எழுதப்பட்ட ஆவணத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால், தேதி தெரியாதபோது போடப்பட்டதாக இருக்கலாம். முடிவு கிடைக்காவிட்டால் “1930களின் பிற்பகுதியில்” என்று எழுதுவது நேர்மையானது.

முகவரிகளில் பழைய எண், புதிய எண் இரண்டையும் குறியுங்கள். இவ்வளவும் சேர்ந்தபின் ஆண்டு, நிகழ்ச்சி, இடம், யார் சொன்னது, எந்த ஆவணம் என்று ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்றைப் போடுங்கள். எழுதும்போது கண் முன்னால் இருக்க வேண்டியது இந்த அட்டவணைதான்.

7. எழுதுதல்

விசுவாசத்தைப் புகழ்ச்சி அடைமொழிகளால் காட்ட முடியாது என்பதே இந்த வேலையில் நான் உறுதியாக நம்பும் ஒன்று. “அவர் ஜெப வீராங்கனை, அன்பின் சிகரம், திருச்சபையின் தூண்” என்ற வரியில் பாட்டி இல்லை. பேட்டிகளில் கிடைத்ததை வைத்து எழுதினால் அது இப்படி அமையும்: “தெருக்குழாயில் தண்ணீர் விடுவது விடியற்காலை நான்கு மணிக்கு. குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து, தம் முறை வருவதற்குள் ஒரு சங்கீதத்தை முணுமுணுத்து முடிப்பார். அந்த வரிசையில் நின்ற பெண்களின் பிள்ளைகள் பெயரையும் சேர்த்து ஜெபிப்பார் என்கிறார் எதிர்வீட்டு அம்மா.” இதில் ஒரு புகழ்ச்சிச் சொல்லும் இல்லை. ஆனால் வாசிப்பவர் அவரைப் பார்க்கிறார்.

ஒவ்வொரு பத்தியையும் எழுதியபின், வேறொரு பாட்டியின் பெயரை இட்டு வாசித்துப் பாருங்கள். அப்படியே பொருந்தினால் அந்தப் பத்தியை நீக்கிவிட்டுக் குறிப்புகளுக்குத் திரும்புங்கள். கடுமையான சோதனைதான், முதல் எழுத்துப்படியில் பாதி போய்விடும். போகட்டும்.

வரிசையைப் பற்றி: பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், பிள்ளைகள், மறைவு ஆகியவற்றை முதலில் ஒரு அரைப் பக்கத்தில் தந்துவிடுங்கள். அதன்பின் கால வரிசை கட்டாயமில்லை. அவருடைய சாதாரண நாள் ஒன்று, சாதாரண ஞாயிறு ஒன்று, மிகக் கடினமான ஆண்டு ஒன்று, அவர் யாருக்கு எதைக் கற்றுக்கொடுத்தார் என்பது, இவை நான்கும் மலரின் உடலாக அமையட்டும். வீட்டு ஜெபக் கூட்டத்தை நடத்தினாரா, ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்தாரா, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கணக்கு எழுதினாரா, கேரல் குழு நள்ளிரவில் வரும்போது தேநீர் வைத்திருந்தாரா என்பவை இந்த நான்கில் ஒன்றில் இடம் பெற்றுவிடும்.

கடினமான ஆண்டைத் தவிர்க்காதீர்கள். பிள்ளையை இழந்த ஆண்டு, கணவர் வேலை பார்த்த ஆலை மூடிய ஆண்டு, கோவிலுக்குப் போகாமலேயே இருந்த சில மாதங்கள் ஆகியவற்றைக் குடும்பத்தார் மறைக்க விரும்புவார்கள். ஆனால் அவர் எதைக் கடந்து விசுவாசத்தில் நின்றார் என்பது தெரியாமல், நின்றார் என்று மட்டும் எழுதினால் அதற்கு எடை இருக்காது. குடும்பத்தின் ஒப்புதலோடு இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதினாலே போதும்.

மாறாக, கடைசி நோயைப் பற்றிப் பலர் மூன்று பக்கம் எழுதிவிடுகிறார்கள். துக்கம் புதிதாக இருப்பதால் அதுவே நினைவில் பெரிதாக நிற்கிறது. எண்பது ஆண்டு வாழ்க்கையில் கடைசி எட்டு வாரத்துக்கு ஒரு பத்திதான் தகும். அவர் சொன்ன கடைசிச் சொற்கள், பாடக் கேட்ட பாட்டு ஆகியவை இருந்தால் எழுதுங்கள். மருந்துகளும் மருத்துவமனை மேல் உள்ள மனத்தாங்கலும் மலரில் இடம்பெற வேண்டாம்.

8. கவனத்தோடு கையாள வேண்டியவை

ஜெபத்தால் சுகம் கிடைத்தது போன்ற சாட்சிகளைச் சொன்னவர் பெயரோடு, அவர் சொன்னபடியே எழுதுங்கள். தொகுப்பவர் தம் குரலில் அதைப் பெருக்கவும் கூடாது, சுருக்கவும் கூடாது. குடும்பம் எப்போது எப்படிக் கிறிஸ்தவத்துக்கு வந்தது என்பதை எழுதும்போது, பழைய மதத்திலேயே இருக்கும் உறவினர்களும் இந்த மலரைக் கையில் வாங்குவார்கள் என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள். சொத்து, கடன், பங்காளிச் சண்டை ஆகியவை வேண்டாம். பாட்டி ஒருவருக்கு ரகசியமாகப் பள்ளிக் கட்டணம் கட்டியிருந்தால், அவரைக் கேட்காமல் அவர் பெயரை வெளியிடுவது பாட்டி காத்த ரகசியத்தை உடைப்பதாகும்.

9. வசனமும் பாடலும் படங்களும்

நீதிமொழிகள் 31ஆம் அதிகாரமும், தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளைக் குறிப்பிடும் 2 தீமோத்தேயு 1:5ம் பெரும்பாலான மலர்களின் முகப்பில் வருகின்றன. அழகான தெரிவுகள்தான். ஆனால் அவருடைய வேதாகமத்தில் அடிக்கோடிட்ட வசனம் ஒன்று இருக்கும்போது அதுவே முகப்புக்கு உரியது. அவர் வாசித்த மொழிபெயர்ப்பிலிருந்தே எடுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் மனப்பாடம் செய்தவரின் மலரில் 1995இல் வந்த திருவிவிலியத்தின் நடை இருந்தால், உடன் பாடிப் படித்தவர்களுக்கு அது அவர் குரலாகக் கேட்காது. பாமாலையோ கீர்த்தனையோ, அவர் வழக்கமாகப் பாடிய சரணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

படங்கள் எட்டு அல்லது பத்து போதும். ஒவ்வொன்றின் கீழும் இடம், ஆண்டு, இடமிருந்து வலமாகப் பெயர்கள் ஆகியவை கட்டாயம். இருபது ஆண்டு கழித்து அந்த முகங்களை அடையாளம் சொல்ல ஆள் இருக்காது.

10. சரிபார்த்தல்

முழு எழுத்துப்படியையும் பேட்டி கொடுத்தவர்களில் மூத்தவரிடம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். தாளைக் கொடுத்தால் கண்ணாடி இல்லை என்று வைத்துவிடுவார். காதால் கேட்டால் “அது அந்தத் தெரு இல்லப்பா” என்று உடனே திருத்துவார். பிறகு குடும்பப் பட்டியலை ஒவ்வொரு கிளைக்கும் அனுப்பி, பெயர், முதலெழுத்து, எழுத்துக்கூட்டல் ஆகியவற்றுக்கு ஒப்புதல் பெறுங்கள். மறைந்த மருமகன், வெளிநாட்டில் பிறந்த கொள்ளுப்பேத்தி, குடும்பத்தோடு பேச்சில்லாத மகன், இந்த மூவரின் பெயர்தான் வழக்கமாக விடுபடுகிறது.

ஆராதனையில் வாசிப்பதற்குத் தனியாக ஒரு சுருக்கம் தயாரியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு 450 சொற்கள் போதுமானவை. மலரையே எடுத்து வாசித்தால் நேரம் மீறும். போதகர் நடுவில் நிறுத்த வேண்டிவரும்.

11. அச்சு

நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்கம் பொருத்தமானது. காகிதம், அட்டை வாங்க ஜார்ஜ் டவுன் ஆண்டர்சன் தெருவில் தேவையான தெரிவுகள் உண்டு. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்த எழுத்தை அச்சகத்தார் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடக்கூடும். ஆகவே பக்கம் கட்டி முடித்தபின் தாளில் எடுத்த படியை வரி வரியாக மீண்டும் படியுங்கள். கைப்பேசித் திரையில் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டாம். பழைய படங்களைத் தகவல் செயலி வழியாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும். கோப்பாகவோ பென் டிரைவிலோ கொடுங்கள்.

காசிமேடு அல்லது கீழ்ப்பாக்கம் கல்லறையில் கல் பதிப்பதும் அதே சமயம் நடக்குமானால், பெயரும் தேதிகளும் மலரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒரே ஆள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். உப்புக்காற்றில் வண்ண எழுத்து அழியும் என்பதால் எழுத்தைக் கல்லில் வெட்டச் சொல்லுங்கள்.

12. மலருக்குப் பின்

ஒலிப்பதிவுகளுக்குப் பேசியவர் பெயரும் தேதியும் கொண்ட கோப்புப் பெயரிட்டு, மூன்று வெவ்வேறு வீடுகளில் ஒவ்வொரு படி வையுங்கள். மலரின் இரண்டு படிகளைத் திருச்சபை அலுவலகத்திடமும், ஒன்றைப் பேட்டி கொடுத்த ஒவ்வொருவரிடமும் நேரில் கொடுங்கள். அப்போது அவர்கள் சொல்லும் புதிய செய்திகளையும் திருத்தங்களையும் குறித்துவைக்க, ஐந்து பத்தி அட்டவணையை மூடிவிடாமல் ஒருவர் பொறுப்பில் வைத்திருங்கள்.